தொகையை எழுத்தால் எழுத: டெக் மேக்ரோவா, லுவாவா?

சத்துவாச்சாரியில் நான் செய்யும் அச்சுக்கோப்பு வேலையில் பாதி ஆய்வேடுகள். மீதி கோயில், சங்கம், சீட்டு என்று ஊர்க் கணக்குகள். குடியாத்தம் பக்கம் ஒரு கோயிலின் திருப்பணி நன்கொடைப் பட்டியலை வருடாவருடம் ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் நான்தான் அச்சுக்குத் தயார் செய்கிறேன். பெயர், ஊர், தொகை எண்ணால், தொகை எழுத்தால். இந்தக் கடைசிக் கட்டம்தான் என்னை, டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் மேக்ரோவிலிருந்து, அதன் சில வகைகளுக்குள் ஓடும் லுவா என்ற நிரல்மொழிக்குக் கொண்டுவந்தது. அதனால் இந்த அலசலில் நான் லுவா பக்கம்தான்.

டெக் மேக்ரோ அடிப்படையில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைப்பது. தலைப்பு, ஓரக்கோடு, ரசீதின் மேல்பகுதி போன்றவற்றுக்கு அது போதும், அங்கே லுவா தேவையே இல்லை. வேகத்திலும் லுவா இல்லாத டெக் வகையான பிடிஎஃப்லேடெக் முந்தும். அறுபது பக்கப் பட்டியலுக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை.

கணக்கு வரும்போதுதான் சிக்கல். தமிழில் தொகையை எழுதுவது எண்ணுக்கு ஒரு சொல் என்று அடுக்கும் வேலை இல்லை. பின்னால் ஏதாவது வந்தால் சொல்லின் வடிவமே மாறும். நூறு நூற்று ஆகும், ஆயிரம் ஆயிரத்து ஆகும். இரண்டாயிரம், மூவாயிரம், ஐயாயிரம் ஒவ்வொன்றும் தனி வடிவம். 90 தொண்ணூறு, 900 தொள்ளாயிரம். 1,25,501 என்றால் 'ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து ஐந்நூற்று ஒன்று' என்று வர வேண்டும். ஒவ்வொரு படியிலும் வகுத்து, மீதி இருக்கிறதா என்று பார்த்துத்தான் அடுத்த சொல்லை எடுக்க முடியும்.

முதலில் இதை டெக் மேக்ரோவிலேயே எழுதினேன். மெய்ப்பு பார்க்கும்போது, 1,501 ரூபாய் கொடுத்தவர் பெயருக்கு நேரே 'இரண்டாயிரம்' என்று இருந்தது. டெக்கின் விரிவாக்கமான இ-டெக் தரும், கணக்குப் போடும் நம்எக்ஸ்பர் கட்டளை வகுக்கும்போது பின்னத்தை வெட்டாது, பக்கத்து முழு எண்ணுக்குக் கொண்டுபோய்விடும். 1,501-ஐ 1,000-ஆல் வகுத்தால் அதற்கு விடை 2. மீதி கழித்தல் 499 ஆகிவிட, அதற்குப் பின் எந்தச் சொல்லும் வரவில்லை. முன்கூட்டியே 500-ஐக் கழித்துவிட்டு வகுத்தால் சரியாகும். அப்படியே செய்து அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஆடி வந்தது. பொருளாளர் போன் செய்து, "தம்பி, போன வருசம் லட்சம்னு போட்டிருந்தீங்க, இந்தத் தடவை இலட்சம்னு வரட்டும்" என்றார். கோப்பைத் திறந்தேன். அந்தச் சொல் நாலு இடத்தில், நாலு கிளைக்குள் இருந்தது. நடுவில் ஒரு 500 கழிக்கப்பட்டிருந்தது. எதற்கு என்று நினைவில்லை. தவறு என்று நினைத்து எடுத்துவிட்டேன், பழைய பிழை அப்படியே திரும்பி வந்தது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய அரை நாள் போயிற்று.

என் முடிவுக்கு இந்த அரை நாள்தான் காரணம். ஒரு வருடம் கழித்துத் திறந்தால் எனக்கே புரியுமா என்பதைத்தான் இப்போது முதலில் பார்க்கிறேன். லுவாவில் அதே வேலை பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி இருக்கிறது: // போட்டால் ஈவு, % போட்டால் மீதி. சொற்கள் எல்லாம் மேலே ஒரே அட்டவணையில், தனித்து வரும் வடிவமும் தொடர்ந்து வரும் வடிவமும் பக்கத்தில் பக்கத்தில். 'இலட்சம்' என்று மாற்ற ஒரு வரியைத் தொட்டால் போதும்.

அப்புறம், பெயர்களை அடுக்கும் அகரவரிசை. யூனிகோடு எண் வரிசையில் அடுக்கினால் ந-வை அடுத்து ன வந்துவிடும். நம் வரிசையில் அது கடைசி மெய். ழ, ள, ற இடமும் மாறும். லுவாவில் பதினெட்டு மெய்களின் வரிசையை ஓர் அட்டவணையாகக் கொடுத்து அடுக்கிக்கொள்கிறேன். டெக் மேக்ரோவில் இதை எழுத நான் துணியவில்லை. ஒரு எச்சரிக்கை: லுவாவின் நீளக் குறி எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். கண்ணுக்கு மூன்றெழுத்தான 'வேலூர்' அதற்கு 18. முதலெழுத்தை வெட்டி எடுக்க யூடிஎஃப்8 நூலகத்தைத்தான் நாட வேண்டும்.

லுவா நிரலை, டெக் கோப்பிலேயே லுவாவை ஓட்டும் டைரக்ட்லுவா கட்டளையின் அடைப்புக்குள் நேராக எழுதுவதை மட்டும் தவிருங்கள். அங்கே முதலில் படிப்பது டெக். % வந்தால் அந்த வரியின் மீதியைக் குறிப்பு என்று விட்டுவிடும். வரிகள் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால், லுவாவில் குறிப்பைத் தொடங்கும் -- போட்ட இடத்துக்குப் பின்னால் நிரல் முழுவதும் செத்துப்போகும். நிரலைத் தனிக் கோப்பில் வைத்து, டெக் பக்கம் அதைக் கூப்பிடும் ஒற்றை வரி மேக்ரோ மட்டும் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. பிழை வந்தாலும் கோப்பின் பெயரும் வரி எண்ணும் தெளிவாகத் தெரியும்.

லுவா உள்ள டெக் வகையான லுவாலேடெக் தமிழுக்குச் சரிப்பட்டதே டெக் லைவ் தொகுப்பின் 2020 பதிப்பு முதல்தான், எழுத்துகளை இடம் பார்த்து அமைக்கும் ஹார்ஃப்பஸ் சேர்ந்த பிறகு. எழுத்துருவை அழைக்கும்போது ரெண்டரர் ஹார்ஃப்பஸ் என்று சொல்ல மறந்தால் கொம்பு இடம் மாறி நிற்கும். அதுவரை தமிழுக்கு நான் ஸீலேடெக் என்ற இன்னொரு வகையில்தான் இருந்தேன், அதற்குள் லுவா கிடையாது.

டெக் பக்கத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. டெக்கை உருவாக்கிய கனுத் அதை உறைய வைத்துவிட்டார். பதிப்பு எண்கூடப் பை (π) என்ற எண்ணை நோக்கி நகர்கிறதே தவிர, புது வசதி எதுவும் சேராது. லுவா அப்படி இல்லை. 2019-ல், லுவாலேடெக்கின் அடித்தளமான லுவாடெக், லுவா 5.2-லிருந்து லுவா 5.3-க்கு மாறியபோது, நான் செய்துகொண்டிருந்த ஓர் ஆங்கில ஆய்வேட்டின் அட்டவணையில் 5 என்று வர வேண்டிய இடமெல்லாம் 5.0 ஆனது. / போட்ட இடங்களில் // என்று மாற்றினேன், பத்து நிமிட வேலை. இனியும் இப்படி வரலாம். கான்டெக்ஸ்ட் என்ற டெக் வகையில் லுவா இன்னும் நெருக்கமாகப் பிணைந்திருக்கிறது என்றாலும், அதில் நான் செய்தது ஒரே ஒரு சிறிய சிறப்பு மலர்தான். அதை வைத்து யாருக்கும் பரிந்துரை செய்ய மாட்டேன்.

ஆய்விதழுக்குப் போகும் கட்டுரை வேறு கதை. அங்கே பிடிஎஃப்லேடெக்கில் ஓடினால்தான் வாங்குவார்கள் என்றால் லுவா உதவாது. அப்படிப்பட்டவற்றில் கணக்கை முன்பே விரிதாளில் போட்டு விடையை மட்டும் உள்ளே வைக்கிறேன். மேக்ரோ அலங்காரத்தோடு நின்றுகொள்கிறது.