இணையவழி வேட்டைப் பயிற்சி வகுப்பு: எப்போது சுடக்கூடாது என்று சொல்லித்தருகிறது

இலங்கையில் மானும் மரையும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. அது அப்படியே இருக்கவேண்டும். ஆனால் கனடாவின் ஒன்ராறியோவில் என் அண்ணா உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர். அவரோடு போவதற்கு முன் வெள்ளவத்தை வீட்டிலிருந்தே இந்த வகுப்பைப் படித்தேன்.

சுடும் கோணம் பற்றிய பாடம் அருமை. மிருகம் பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறிவைக்கவேண்டும். இதயமும் நுரையீரலும் அங்கேதான். கொஞ்சம் அப்பால் திரும்பி நின்றால், மறுபக்க முன்னங்காலை நோக்கிச் சன்னம் போகவேண்டும். பின்புறம் காட்டி நின்றால் சுடவே கூடாது. குடல் கிழிந்த மிருகம் மணிக்கணக்கில் துடிக்கும், இறைச்சியும் பழுதாகும். அந்தப் படங்களைப் பார்க்கவே மனம் கனத்தது.

மேட்டின் உச்சியில் வானத்தை ஒட்டி நிற்கும் மானையும் விட்டுவிடச் சொல்கிறார்கள். பின்னால் மண் இல்லை, தவறிய சன்னம் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். இரண்டு மான் ஒன்றன்பின் ஒன்றாக நின்றாலும் அப்படித்தான், ஒன்றைத் துளைத்து மற்றதைக் காயப்படுத்தும்.

காயம்பட்டதைத் தேடும் பகுதி மட்டும் மிகச் சுருக்கம். அதை விரிவாக்கவேண்டும். மற்றப்படி கொடுத்த காசு தகும். துவக்கைத் தொடுமுன் படியுங்கள்.