கிரியேட்டிவ் ஏஜென்சி செய்த இணையத்தளத்தோடு மூன்று ஆண்டுகள்

சிங்கப்பூரில் தேக்கா பக்கத்தில் இருக்கும் எங்கள் நடனப் பள்ளிக்கு 2022-ல் ஒரு கிரியேட்டிவ் ஏஜென்சி இணையத்தளம் செய்து கொடுத்தது. வகுப்பு நேரம், கட்டணம், அரங்கேற்ற அறிவிப்பு எல்லாவற்றையும் அதில் ஏற்றுவது என் வேலை. தினமும் அதோடுதான் புழங்குகிறேன்.

அழகான தளம். அரக்குச் சிவப்பும் பொன்னிறமும், சலங்கைப் படமும் இன்றும் எனக்குப் பிடிக்கும். ஆனால் முகப்பில் தலைப்பு எழுத்து எழுத்தாக மிதந்து வந்து சேரும். ஆங்கிலத்தில் நன்றாகத்தான் இருந்தது. தமிழில் ‘வகுப்புகள்’ என்ற சொல் உடைந்தே வந்தது: ப தனியாக, புள்ளி தனியாக, உகரக் குறி ஒரு புள்ளி வட்டத்தோடு தொங்கியபடி. யுனிகோடில் ‘கு’ என்பது க, அதன் உகரக் குறி என இரண்டு குறியீடுகள். சொல்லை வெட்டிய நிரல் அவற்றை இரண்டு எழுத்தாக எண்ணிவிட்டது.

கண்ணுக்கு உறுத்தியதைவிடக் காதுக்கு மோசம். மாணவி ஒருத்தியின் அம்மாவுக்குப் பார்வை மிகக் குறைவு. ஆண்ட்ராய்டு போனில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடரை வைத்துத்தான் கேட்பார். “தங்கச்சி, உங்க பக்கம் எழுத்துக்கூட்டியே படிக்குது, எந்த வகுப்பு எத்தனை மணிக்குன்னே தெரியல” என்றார். எனக்கு மிகவும் கஷ்டமாகிவிட்டது. அப்புறம் ஏஜென்சியோடு உட்கார்ந்தோம். குறியீடாக வெட்டாமல் முழு எழுத்தாக வெட்டினார்கள். ஆடும் எழுத்துகளை ஸ்கிரீன் ரீடரிடமிருந்து மறைத்து, தலைப்பை ஒரே தொடராக அதற்குத் தனியே கொடுத்தார்கள். இது தமிழ் என்று அறிவிக்கும் மொழிக் குறியும் அதுவரை இல்லை; சேர்த்தார்கள். அசைவு போகவில்லை, சரியாகிவிட்டது.

போனில் ‘அசைவைக் குறை’ என்று ஒரு தெரிவு உண்டு. தளம் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அசைவை நிறுத்தலாம். எங்கள் தளம் கேட்கவே இல்லை. தலைசுற்றல் உள்ள ஆசிரியை ஒருவர் முகப்பைத் திறப்பதையே விட்டிருந்தார். இதைச் சரிசெய்ய ஒரு மதியம் போதுமானதாக இருந்தது.

நிறத்தில்தான் வாக்குவாதம். வெளிர்மஞ்சள் பின்னணியில் பொன்னிற எழுத்து. இணையத்தளம் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி என்ற சர்வதேச வழிகாட்டி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு கேட்கிறது. எங்களுடையது அதில் பாதிகூட இல்லை. பஸ் ஸ்டாப் வெயிலில் எனக்கே தெரியாது. கறுப்பாக்கினால் உயிர் போய்விடும் என்று வடிவமைப்பாளர் தயங்கினார், அந்தத் தயக்கம் நியாயமானதுதான். கடைசியில் பொன்னெழுத்தை அரக்குச் சிவப்பின் மேல் வைத்தார். பட்டுப்புடவைக் கரை மாதிரி, முன்பைவிட அழகு! நெருக்கடி இல்லாமல் அந்த யோசனை அவருக்கு வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சலங்கைப் படத்துக்குள் மெனு ஒளிந்திருந்தது; பக்கத்திலேயே ‘மெனு’ என்று எழுதச் சொன்னேன். சரி, அது தீர்ந்தது.

அரங்கேற்றக் காணொளிகளுக்கு இன்னும் எழுத்துரை (கேப்ஷன்) இல்லை. நானே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன், மூன்று முடிந்தது. நட்டுவாங்கத்தில் சொல்லும் ஜதியை எப்படிப் பிரித்து எழுதுவது என்று எங்கள் குருவிடம் வரிக்கு வரி கேட்டுக்கொள்கிறேன்.