காசு கொடுத்த மின்னூல் யாருடையது? அச்சு, கிண்டில், சந்தா, பூட்டில்லாக் கோப்பு: ஓர் ஒப்பீடு

ஒரு தமிழ் நாவலைப் படிக்க இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. அச்சுப் புத்தகம் வாங்கலாம். அமேசானின் மின்னூல் கடையும் கருவியுமான கிண்டிலில் விலை கொடுத்து மின்னூலாக வாங்கலாம். கிண்டில் அன்லிமிடெட் சந்தா கட்டலாம். படியெடுக்கவோ வேறு கருவியில் திறக்கவோ விடாமல் தடுக்கும் பூட்டு இல்லாத இபப் (மின்னூல்களுக்கான பொதுவான கோப்பு வடிவம்) அல்லது பிடிஎஃப் கோப்பாகக் கிடைத்தால் இறக்கி வைத்துக்கொள்ளலாம். எது மலிவு, எது கண்ணுக்கு இதம் என்றெல்லாம் நிறையப் பேர் எழுதியாயிற்று. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. காசு கொடுத்த பிறகு அந்தப் புத்தகம் யாருடையது? இன்னொருவருக்குக் கொடுக்க முடியுமா, விற்ற கடை மூடினாலும் நம்மிடம் இருக்குமா, வேறு கருவியில் திறக்குமா, நமக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் போகுமா?

அச்சுப் புத்தகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னை திருவல்லிக்கேணி பாரதி சாலையின் நடைபாதைக் கடைகளில், முதல் பக்கத்தில் யாரோ ஒருவரின் பெயரும் தேதியும் எழுதியிருக்கும் புத்தகங்கள் கிடைக்கும். அவை கை மாறிக் கை மாறி வந்தவை. அதற்காக யாரும் பதிப்பகத்திடம் அனுமதி கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பிரதிகளை வெளியிடும் உரிமையை உரிமையாளருக்குத் தரும்போதே, ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட பிரதிகளை அதிலிருந்து விலக்கிவிடுகிறது. விற்ற பிரதி வாங்கியவருடையது. அச்சின் பலவீனம், நம்மிடம் இருப்பது ஒரே பிரதி என்பதுதான். கரையான் அரிக்கலாம், வெள்ளம் புகலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, மீட்கவே முடியாத ஓலைச்சுவடிகளும் சேர்ந்து போயின.

அடுத்து கிண்டில். 2016 டிசம்பரில் அமேசான் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் மின்னூல் விற்கத் தொடங்கியது. அதனால் வந்த நன்மையை மறுக்கவே முடியாது. பதிப்பகம் கிடைக்காத எழுத்தாளர் தானே தன் நூலைப் போட முடிந்தது. நூலின் விலையைவிடத் தபால் செலவு அதிகமாகும் டொரண்டோவிலும் சிட்னியிலும் இருப்பவர்கள் ஒரே நிமிடத்தில் தமிழ் நாவலைப் பெற முடிந்தது. பார்வை மங்கிய பெரியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறார்கள். இதெல்லாம் சரி. ஆனால் நான் கேட்ட கேள்விகளை வைத்துப் பார்த்தால் நான்கு வழிகளில் மோசமானது இதுதான்.

காரணம் கிண்டில் நிபந்தனைகளிலேயே இருக்கிறது. நூல் நமக்கு விற்கப்படுவதில்லை, படிப்பதற்கான உரிமம் மட்டுமே தரப்படுகிறது. அந்த உரிமத்தை விற்கவோ, வாடகைக்கு விடவோ, இன்னொருவர் பெயருக்கு மாற்றவோ கூடாது. அதாவது, பத்து வருடங்களாகச் சேர்த்த நூல்கள் எல்லாம் ஒரே ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. அந்தக் கணக்குக்கு ஏதாவது ஆனால் எல்லாமே போச்சு.

இது வெறும் பயம் இல்லை. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகிய இரண்டும் அமெரிக்க வாசகர்களின் கிண்டில்களிலிருந்து அவர்களைக் கேட்காமலேயே நீக்கப்பட்டன. அந்தப் பதிப்பைப் போட்டவருக்கு அமெரிக்காவில் அதற்கான உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நிறுவனர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டார். ஆனால் ஒரு மாணவர் பாடத்துக்காக எடுத்து வைத்திருந்த குறிப்புகள் நூலோடு சேர்ந்து பயனற்றுப் போனதாக வழக்குப் போட்டார், அது சமரசத்தில் முடிந்தது. கடைக்காரர் தவறான பிரதியை விற்றுவிட்டார் என்பதற்காக நம் வீட்டு அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்துப் போக முடியாது. இங்கே முடிந்தது.

முன்பெல்லாம் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. அமேசான் தளத்தில் நம் நூல்களின் பட்டியலுக்குப் போய், நூலுக்கு எதிரே உள்ள பொத்தானை அழுத்தினால், யுஎஸ்பி வழியாக மாற்றுவதற்குக் கணினியில் இறக்கிக்கொள்ளும் வசதி வரும். அந்தக் கோப்பும் நம் கருவிக்கென்று பூட்டப்பட்டதுதான். என்றாலும் நம் வன்தட்டில் நம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். 2025 பிப்ரவரி 26 அன்று அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். நாம் வாங்கும்போது இருந்த வசதி வாங்கிய பிறகு போய்விட்டது, நம் சம்மதம் கேட்கப்படவில்லை. எனக்கு இதுதான் 2009ஐவிடப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அது ஒருமுறை நடந்த பிழை, மன்னிப்புக் கேட்டார்கள். இது யோசித்து எடுத்த முடிவு.

கடையே மூடினால்? அதற்கும் உதாரணம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2019 ஏப்ரலில் தன் மின்னூல் கடையை மூடியது. அந்த ஜூலையிலிருந்து, காசு கொடுத்து வாங்கிய நூல்களும் திறக்கவில்லை. முழுப் பணத்தையும் திருப்பித் தந்தார்கள், நூல்களில் குறிப்பு எழுதியிருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கொடுத்தார்கள். நேர்மையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் புத்தகம் வைத்திருந்தவர்கள் புத்தகத்தோடு இல்லை, பணத்தோடு இருந்தார்கள்.

சந்தா முறையைப் பலர் திட்டுகிறார்கள். நான் திட்ட மாட்டேன். கிண்டில் அன்லிமிடெட்டில் ஒரே நேரத்தில் 20 நூல்கள் வரை வைத்திருக்கலாம், சந்தாவை நிறுத்தினால் எல்லாம் திரும்பிப் போய்விடும். இது வாடகை என்று இரண்டு பக்கத்துக்கும் முதலிலேயே தெரியும். ஒருமுறை படித்துவிட்டு மறுபடி தொடப்போவதில்லை என்ற நூல்களுக்கு இது போதும், தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கடைசி வழி, பூட்டில்லாக் கோப்பு. ஒரு இபப் கோப்பை எடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் ‘இபப்’ என்பதை ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே அத்தியாயங்கள் சாதாரண இணையப் பக்கங்களாக இருக்கும், அட்டைப்படம் ஒரு படக்கோப்பாக இருக்கும், எழுத்துரு தனியாகக் கிடக்கலாம். எந்த நிறுவனமும் இல்லாமல் போனாலும் ஒரு பிரவுசர் இருந்தால் அதைப் படித்துவிடலாம். நான்கு இடங்களில் நகல் வைக்கலாம். அச்சுக்கு இருக்கும் கரையான், வெள்ள பயமும் இதற்கு இல்லை.

தமிழில் இந்த வழி மற்ற பல மொழிகளைவிட நன்றாகவே இருக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்திலிருந்து கல்கி வரை தன்னார்வலர்கள் உழைப்பில் ஏற்றி வைத்திருக்கிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் யாரும் இலவசமாகப் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் புதிய எழுத்துகளைத் தருகிறது. ஒரே நூலை இபப், ஏ4 பிடிஎஃப், சின்னத் திரைக் கருவிகளுக்கென்று 6 அங்குல பிடிஎஃப் என்று தனித்தனியாகப் போடுகிறார்கள். கையில் என்ன கருவி இருந்தாலும் படிக்கட்டும் என்ற அக்கறை அது. ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற இணையதளம் இருக்கிறது. இதில் எனக்கு ஒரு ஆதங்கமும் உண்டு. ‘பொன்னியின் செல்வன்’ நாட்டுடைமையாக்கப்பட்ட நூல். மதுரைத் திட்டத்தில் இலவசமாக இருக்கிறது. இது தெரியாமல் பலர் கிண்டிலில் காசு கொடுத்து உரிமம் வாங்குகிறார்கள். பழைய நூல் எதையும் வாங்கும் முன் இந்தத் தளங்களில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

பூட்டில்லாக் கோப்புக்கும் குறை இல்லாமல் இல்லை. இன்றைய எழுத்தாளர்களின் புதிய நாவல்கள் இப்படிக் கிடைப்பது அபூர்வம். மறுவிற்பனை என்று வந்தால் அச்சுக்கு இருக்கும் தெளிவு இதற்குக் கிடையாது. 2012இல் பழைய மென்பொருளை மறுபடி விற்கலாம் என்று சொன்ன ஐரோப்பிய நீதிமன்றம், 2019 டிசம்பரில் மின்னூலுக்கு அது பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அப்புறம், பூட்டு இல்லை என்பதற்காக விற்பனையில் உள்ள நூலின் பிடிஎஃப்பை வாட்ஸப் குழுவிலும் டெலிகிராமிலும் போடுவது எழுத்தாளரின் பிழைப்பில் கை வைப்பது. என் பிரதி என்னுடையது, படியெடுத்து ஊருக்கு விநியோகிக்கும் உரிமை எனக்கு இல்லை.

நாமே கிண்டில் பூட்டை உடைத்தால் என்ன? பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்கு அது பொருந்தாது என்று விலக்கும் தருகிறது. நூலைக் காசு கொடுத்து வாங்கியவர் இந்த இரண்டு வரிகளுக்கு நடுவே நின்று யோசிக்க வேண்டியிருப்பதே அநியாயம்.

கருவியையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிண்டிலைப் போன்ற இன்னொரு மின்னூல் கருவியான கோபோ, இபப் கோப்பை நேரடியாகத் திறக்கும். 2024இல் வந்த அதன் புதிய மாடல்களுக்குப் பழுது பார்க்கும் வழிகாட்டியும் உதிரி பாகமும் கிடைக்க ஐஃபிக்ஸிட் என்ற நிறுவனத்தோடு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கிண்டிலுக்கு இபப்பை அமேசானின் அனுப்பும் வசதி வழியாகவோ கணினியிலோ மாற்றித்தான் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு படிக்க எந்தக் குறையும் இல்லை. கிண்டில் ஏற்கெனவே இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம். கருவியை வைத்துக்கொண்டு, நூலை வேறு இடத்தில் வாங்கலாம்.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. உரிமம் மட்டும் தரும் மின்பொருளை ‘வாங்கு’ என்ற பொத்தானோடு விற்றால், இது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளக்கூடியவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும். 2022 டிசம்பரில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென்று தளம் தொடங்கியது. கைபேசியும் டிராக்டரும் அதில் வந்துவிட்டன, மின்னூலும் நுகர்பொருள்தான்.

என் தேர்வு இது. திரும்பத் திரும்பப் படிக்கப் போகிற, பிள்ளைகளிடம் கொடுக்க நினைக்கிற நூல் என்றால் அச்சு. ஆய்வுக்கோ தேடலுக்கோ வேண்டியது என்றால் பூட்டில்லாக் கோப்பு. ஒருமுறை வாசிப்புக்குச் சந்தா. கிண்டிலில் தனியாக விலை கொடுத்து வாங்குவது வேறு எந்த வடிவிலும் கிடைக்காத நூலுக்கு மட்டும்.

கிண்டிலில் நூல் போடும் எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோப்பை ஏற்றும் படிவத்திலேயே டிஆர்எம் என்ற அந்தப் பூட்டு வேண்டுமா என்ற கேள்வி இருக்கிறது. அதை முடிவு செய்வது அமேசான் இல்லை, நீங்கள்தான். திருட்டு பிடிஎஃப் போடுகிறவர்கள் பூட்டைத் தாண்டியும் போட்டுவிடுகிறார்கள். மாட்டிக்கொள்வது காசு கொடுத்தவர்தான். வேண்டாம் என்று குறியுங்கள். முடிந்தால் உங்கள் சொந்தத் தளத்தில் இபப்பாகவும் விற்பனைக்கு வையுங்கள்.