மின்னியின் வாணலியும் நசுங்கிய தகரப் பெட்டியும்

டிஸ்னி 2004-இல் வெளியிட்ட ‘ஆன் தி ஃப்ரன்ட் லைன்ஸ்’ இரட்டை டிவிடியை, பழைய டிவிடி விற்கும் ஒருவரிடம் ஆன்லைனில் வாங்கினேன். தகரப் பெட்டியின் மூடி நசுங்கி வந்தது. அதுகூடப் போகட்டும், அமெரிக்காவுக்கான ரீஜன் 1 வட்டு என்று அவர் சொல்லவே இல்லை. வீட்டு பிளேயரில் ஓடவில்லை. மகனின் கம்ப்யூட்டரில்தான் பார்த்தேன்.

இரண்டாம் உலகப் போரின்போது எடுத்த பிரச்சாரப் படங்களின் தொகுப்பு. பதினெட்டு வருடம் ஹாஸ்டல் மெஸ் நடத்தியவன் நான். சாப்பாட்டுப் படங்களுக்காகத்தான் வாங்கினேன்.

‘ஃபுட் வில் வின் தி வார்’, 1942-இல் அமெரிக்க வேளாண் துறைக்காக எடுத்தது. அமெரிக்க விவசாயிகளின் கோதுமையை மாவாக்கிக் கொட்டினால் ஜெர்மன் டாங்கிப் படையே பனியில் புதைந்ததுபோல் மூடிப்போகுமாம். ஸ்பகெட்டியால் பூமிக்கே ஸ்வெட்டர் பின்னலாமாம். முதலில் சிரித்தேன், அப்புறம் கொட்டாவி. நானூறு பேருக்கு எத்தனை படி அரிசி என்று கேட்டால் ‘மலை மாதிரி’ என்று சொல்லும் சமையல்காரனை நான் வேலைக்கு வைத்ததில்லை.

அதே வருடத்தில் வந்த, மிக்கி மவுஸின் ஜோடி மின்னியின் படம் வேறு ரகம். மூன்றே நிமிடம்தான். பன்றி இறைச்சி வறுத்த கொழுப்பை நாய் ப்ளூட்டோவின் தட்டில் ஊற்றப் போகிறாள் மின்னி. ரேடியோ தடுக்கிறது: கொழுப்பிலிருந்து கிளிசரின், கிளிசரினிலிருந்து வெடிமருந்து! வடிகட்டு, வாயகன்ற டப்பாவில் ஊற்று, கெட்டுப்போகாமல் குளிர்ச்சியாக வை, ஒரு பவுண்டு சேர்ந்ததும் கறிக்கடையில் கொடு. எந்த வீட்டிலும் மறுநாளே செய்யலாம். ப்ளூட்டோவுக்கு முதலில் ஏமாற்றம்தான். சுவரில் ராணுவ உடுப்போடு இருக்கும் மிக்கி படத்தைப் பார்த்ததும் சல்யூட் வைக்கிறது பாருங்கள், அங்கே நானே மயங்கிவிட்டேன். எங்கள் மெஸ்ஸில் பொரித்து மீந்த எண்ணெயை ஒருவர் டின்னில் வாங்கிப் போவார், சோப்புக்கு என்பார். சோப்பு காய்ச்சினாலும் கிளிசரின் பிரியும். அவர் வெறும் சோப்போடு நிறுத்தியிருப்பார் என்று நம்புகிறேன்.

ஒரு குறை. சிப்பாய் தட்டில் என்ன விழுந்தது என்பதை இரண்டு படமும் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. கே-ரேஷன் என்று வேளைக்கு ஒரு அட்டைப்பெட்டி கொடுத்தார்கள்: பிஸ்கட், டப்பா இறைச்சி, எலுமிச்சைத் தூள். அந்தத் தூளைப் பலர் குடிக்காமல் தூக்கிப் போட்டார்கள். மெஸ்காரனுக்கு அந்தக் கதைதான் வேண்டும்.

மின்னிக்காக வாங்கலாம். ரீஜனைக் கேட்டு வாங்குங்கள். மூடி நசுங்கியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். எனக்கு அது தோன்றவில்லை.