கற்பூரவள்ளிச் சாறா, மல்லித் தண்ணீரா?

மாரி தொடங்கிவிட்டால் வன்னியில் பிள்ளைகளுக்குத் தடிமனும் இருமலும் ஓயாது. இளம் தாய்மார் இந்த இரண்டில் எது நல்லது என்றுதான் கேட்கிறார்கள்.

செலவு: கற்பூரவள்ளிக்குக் காசே வேண்டாம், கிணற்றடியில் ஒரு கிளையை முறித்து ஊன்றினால் போதும். மல்லியைக் கடையில் வாங்க வேண்டும்.

இருப்பு: மல்லி போத்தலில் மாதக்கணக்கில் கிடக்கும். இலையை அன்றன்றே பறிக்க வேண்டும்.

செய்முறை: மல்லியை வறுத்து, வேர்க்கொம்பு தட்டிப்போட்டு, தண்ணீர் பாதியாக வற்றும்வரை அவிக்க வேண்டும். கற்பூரவள்ளி இதைவிடச் சுலபம். தணலில் வாட்டினால் தடித்த இலை துவளும். கசக்கியதும் பச்சைச் சாறு விரலிடுக்கில் வடியும்.

சுவை: சாறு காரமானது, பிள்ளை துப்பிவிடும். வன்னிக் காட்டுத்தேன் கலந்தால் இறங்கும். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் குடலில் கொடிய நஞ்சை உண்டாக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குச் சாறு, மல்லித் தண்ணீர் இரண்டுமே வேண்டாம், தாய்ப்பால் மட்டும்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் தொண்டைக் கரகரப்புக்குச் சாறு ஒரு தேக்கரண்டி. சாப்பாட்டை மறுத்துச் சோர்ந்திருக்கும் பிள்ளைக்கு இளஞ்சூட்டில் மல்லித் தண்ணீரே என் தெரிவு. உடம்பில் நீராவது சேரும்.

ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளை நிமிடத்துக்கு 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினாலோ, எந்த வயதிலும் காய்ச்சல் 2 நாள் தாண்டினாலோ அடுப்பை மூட்டாதீர்கள். மாரியில் டெங்கும் வரும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.