அத்தையின் பாஸ்புக்கில் என் பணம்

துபாயிலிருந்து மூன்று வார லீவில் தாராவிக்கு வந்தேன். மறுநாள் காலையிலேயே அத்தை பையோடு நின்றார். "மருமவனே, அந்தப் பென்ஷன் ஆபீசுக்கு ஒரு எட்டு வாரியா? நான் சொன்னா காதுல வாங்க மாட்டுக்காங்க."

மாமா போய் ஒன்பது வருடம். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. இரண்டு வீடுகளில் பாத்திரம் கழுவியதும் முழங்கால் வலியோடு நின்றுவிட்டது. 65 வயதைத் தாண்டிய ஏழைகளுக்கு மகாராஷ்டிர அரசு தரும் ஷ்ராவண் பாள் பென்ஷன், மாதம் 1,500 ரூபாய், அதற்குத்தான் அலைந்துகொண்டிருந்தார்.

முதல் தகராறு வயது. ரேஷன் கார்டில் ஒன்று, வாக்காளர் அட்டையில் வேறொன்று. ஆதாரில் ஜனவரி 1, யாரோ கணக்குக்குப் போட்ட தேதி. திருநெல்வேலிப் பக்கம் பள்ளிக்கூடமே போகாமல் வளர்ந்தவர் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவார்? அரசு மருத்துவமனை மருத்துவ அதிகாரி கொடுக்கும் வயதுச் சான்றையும் ஏற்கலாம். இதை ஒருவரும் அத்தையிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் அலைந்து வாங்கினோம்.

அடுத்த தகராறு என்னால் வந்தது. குடும்ப வருமானம் வருடத்துக்கு 21,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பென்ஷன் ஆபீஸ் எழுத்தர் பாஸ்புக்கைப் புரட்டி, மாதாமாதம் விழும் 2,000 ரூபாயில் விரலை வைத்தார். நான் மருந்துக்கும் அரிசிக்கும் அனுப்புவது. வருடத்துக்கு 24,000. வருமானம் இருக்கிறதே என்றார் மராத்தியில்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 21,000 என்றால் ஒரு நாளைக்கு 58 ரூபாய்கூட வராது. மும்பையில் அதை வைத்து எந்தக் கிழவி உயிரோடு இருக்க முடியும்? யாராவது கைகொடுத்தால்தான் உண்டு. கைகொடுத்தால் தகுதி போய்விடும் என்றால் இது யாருக்கான பென்ஷன்? வறுமைக்கோட்டுப் பட்டியலில் உள்ளவர்களுக்கும் முதியோர் பென்ஷனில் மத்திய அரசின் பங்கு 80 வயது வரை வெறும் 200 ரூபாய்தான். 2007-இல் கொடுத்த அதே 200.

நான் இவருடைய அண்ணன் மகன், ரேஷன் கார்டில் என் பெயர் இல்லை, என் வேலை போனால் இந்தப் பணமும் நின்றுவிடும் என்று எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகவே கேட்டார். அதை எழுதிக் கொடுங்கள், புதிதாக வருமானச் சான்றும் வாங்கி வாருங்கள் என்றார். அந்தச் சான்றை இங்கே எல்லோரும் தாக்லா என்கிறார்கள். வெளியே ஒரு ஏஜென்ட், 3,000 கொடுத்தால் முடித்துத் தருவதாகப் பின்னாலேயே வந்தார். வேண்டாம் என்றுவிட்டேன்.

திரும்பும் வழியில் அத்தை கேட்டார்: "நீ அனுப்புறத நிப்பாட்டிரு, என்ன?"

"அது இதைவிட ஐநூறு கம்மி அத்தை."

"இருக்கட்டும். அது எனக்குன்னு வாரது."

நான் கிளம்பும்வரை தாக்லா வரவில்லை. அதற்கு மனு கொடுத்த ரசீதின் நகலைப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்து, வாரம் ஒருமுறை போய்க் கேட்கச் சொல்லியிருக்கிறேன். இந்த மாத 2,000 ரூபாயை வங்கியில் போடாமல் அத்தை கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.