கிட்டப்பா – சுந்தராம்பாள் நாடக நோட்டீஸ் என்ற பெயரில் விற்கப்படும் போலிகள்: ஓர் எச்சரிக்கை

பழைய நாடக நோட்டீஸ்களைச் சேகரிப்பவர்களும், வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்கு ஒன்று கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று தேடுபவர்களும் பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும். 'வள்ளி திருமணம்' நாடகத்துக்காக 1927இல் அச்சிடப்பட்டது என்று சொல்லி, நாடக மேடையின் புகழ்பெற்ற பாடக நடிகர்களான எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் இருவரின் பெயரும் உள்ள ஒரு நோட்டீஸையும், அந்தக் காலத்து ராஜபார்ட் (அரச வேட) நடிகர் ஒருவர் அணிந்தது என்று ஒரு கிரீடத்தையும் தென்மாவட்டப் பழம்பொருள் வியாபாரி ஒருவர் ரூ. 46,000 பெற்றுக்கொண்டு எனக்கு விற்றார். இரண்டுமே போலி. புகார் நிலுவையில் இருப்பதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் வேலை செய்யும் விதத்தை எழுதுவதற்குத் தடை எதுவும் இல்லை. அதே நோட்டீஸ் வேறு ஆட்களின் கைகளிலும் விற்பனைக்கு வந்திருப்பதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருப்பது சரியல்ல என்று தோன்றியது.

போலி செய்பவர்கள் இந்த இரண்டு பெயர்களைத் தேடிப் பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய காலத்தில், நாடக நோட்டீஸ் என்பது வண்டியில் மேளம் கொட்டிக்கொண்டு போய்த் தெருத்தெருவாக இறைக்கப்பட்ட மலிவான வண்ணத் தாள். அன்றைய இரவு ஆட்டத்துக்கு ஆள் சேர்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. மறுநாள் அது மளிகைக் கடையில் பொட்டலமானது. அப்படிப் போனவை போக எஞ்சியவை மிகக் குறைவு. அவற்றிலும் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் சேர்ந்து மேடையேறத் தொடங்கியது 1926இல், கொழும்பில். 1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயதிலேயே இறந்துவிட்டார். ஆகவே இருவர் பெயரும் ஒன்றாக வரும் உண்மையான நோட்டீஸ் இந்தச் சில ஆண்டுகளுக்குள்தான் இருந்தாக வேண்டும். தேவை அதிகம், சரக்கு அரிது என்னும் இடத்தில் கணினியும் அச்சுப்பொறியும் வைத்திருப்பவருக்கு வேறென்ன வேண்டும்?

வியாபாரியின் முறை மெல்ல நகர்வது. முதலில் அவர் எனக்கு விற்றது சில பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்கள். அவை உண்மையானவை, விலையும் நியாயமானது. ஈய எழுத்து தாளில் அழுந்திய தடம் பின்பக்கத்தில் விரலுக்குத் தெரிந்தது, ஓரங்கள் நடுப்பகுதியைவிடப் பழுத்து, மடித்தால் ஒடியும் நிலையில் இருந்தன. இப்படி நம்பிக்கை பிறந்த பிறகுதான் செட்டிநாட்டு வீடு ஒன்றை இடித்தபோது மரப்பெட்டியில் கிடைத்தது என்று நோட்டீஸின் படத்தை அனுப்பினார். வீடு எந்த ஊரில் என்று கேட்டதற்கு, குடும்பத்தார் பெயர் வெளியே வருவதை விரும்பவில்லை என்றார். மலேசியாவிலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள் என்று அடுத்த நாள் ஒரு குரல் செய்தி வந்தது. பணத்தை வேறொருவர் பெயரில் இருந்த யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். பில் பிறகு வரும் என்றார், வரவில்லை.

நோட்டீஸ் வந்தது தேக்கு பிரேமுக்குள், கண்ணாடி போட்டு, பின்பக்கம் பலகை அடித்து, அதன்மேல் பழுப்புத் தாள் ஒட்டி. கூடவே ஒரு சான்றிதழ்: 'பிரேமைப் பிரித்தால் உத்தரவாதம் செல்லாது' என்ற வாசகத்தோடு, வியாபாரியே கையெழுத்திட்டு, கோபுர முத்திரை ஒன்றையும் குத்தியிருந்தார். இந்த ஏமாற்றின் உயிர்நாடி அந்த பிரேம்தான். பழைய அச்சைச் சோதிக்க வேண்டியது தாளின் பின்பக்கமும் ஓரமும். அவ்விரண்டையும் விலையுயர்ந்த மரத்தைக் கொண்டு மறைத்துவிட்டு, அதையே மரியாதையாகவும் காட்டுகிறார்கள். பாட்டுப் புத்தகங்களை அனுப்பியபோது சாதாரண உறையில் அனுப்பியவர், இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு தச்சு வேலை செய்தார் என்ற கேள்வியோடு பின்பலகையைக் கழற்றினேன்.

பின்பக்கம் வழுவழுப்பாக இருந்தது. அக்காலத்து நோட்டீஸ், அச்சுக்கோத்து, காலால் மிதித்து இயக்கும் ட்ரெடில் மெஷினில் ஓட்டியது. மெல்லிய தாளாக இருந்தால் எழுத்தின் அழுத்தம் பின்னால் தெரியாமல் போகாது. முன்பக்கத்தை நகைக்கடை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, கறுப்பு எழுத்தின் விளிம்பில் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. ஈய எழுத்தில் ஒரே மை. விளிம்பில் மை சற்றே பிதுங்கி அடர்ந்து நிற்கும், பல வண்ணப் புள்ளி வராது. அடுத்து, ரூபாய் நோட்டைச் சோதிக்கக் கடைகளில் வைத்திருக்கும் யூவி டார்ச்சை இருட்டில் அடித்தேன். தாளின் பின்பக்கம் நீல வெண்மையாக ஒளிர்ந்தது. தாளை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் ஒளிரும் வேதிப்பொருள் காகித ஆலைகளுக்கு வந்ததே இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில்தான். முன்பக்கத்தில் தேயிலைச் சாயம் ஏற்றியிருந்தார்கள். உண்மையான பழுப்பு ஓரத்திலிருந்து உள்ளே பரவும், இதிலோ மடிப்புகளில் தேங்கி நடுவிலேயே கருத்திருந்தது.

எல்லாவற்றையும்விட என்னை வியக்க வைத்தது இராமபாணப் பூச்சி அரித்த ஓட்டைகள். நோட்டீஸின் வலது மேல்மூலையில் மூன்று ஓட்டைகள் இருந்தன. விரலை வைத்தால் ஓட்டை இல்லை, வழவழத்த தாள்தான் இருந்தது. ஏதோ ஓர் உண்மையான நோட்டீஸை ஸ்கேன் செய்தபோது விழுந்த ஓட்டையின் நிழலையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும்வரை இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

ஆக, அடிப்படையில் ஓர் அசல் எங்கோ இருக்கிறது. அதில் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்பது எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கட்டண வரியில் 'அணா' என்ற சொல்லில் ணா பழைய முறையில், கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து சுழித்திருக்கிறது. 'தரை', 'பெஞ்சு', 'நாற்காலி' என்று போகும் அந்த வரியில் 'நாற்காலி'யின் றகரம்கூடத் தேய்ந்த ஈய எழுத்தாக, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஆனால் கிட்டப்பா, சுந்தராம்பாள் பெயர்களுக்குக் கீழே 'இணையாக நடிக்கும்' என்று வரும் இடத்தில் ணை இன்றைய வடிவத்தில் இருக்கிறது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் முன்னால் தும்பிக்கை போல வளைந்த கொம்பை எடுத்துவிட்டு இன்றைய வடிவத்தைத் தமிழக அரசு ஏற்று ஆணையிட்டது 1978இல். பெரியார் தம் குடி அரசு இதழில் சீர்திருத்த எழுத்தைப் புகுத்தியதே 1935இல்தான். 1927இல் ஊர்க் கொட்டகைக்கு நோட்டீஸ் அடித்த அச்சகத்தில் அந்த ஈய எழுத்து இருந்திருக்க வழியே இல்லை.

தேதியும் அதையே சொல்கிறது. நோட்டீஸில் 'குரோதன வருஷம் ஆடி மாதம், சனிக்கிழமை, 8-8-1927' என்று உள்ளது. 1927 ஆகஸ்ட் 8 திங்கட்கிழமை. தமிழ் ஆண்டு பிரபவ. குரோதன வருஷம் 1925 ஏப்ரலில் பிறந்து மறு ஆண்டு ஏப்ரலில் முடிந்தது, 1925 ஆகஸ்ட் 8ஆம் நாள் சனிக்கிழமை. அதாவது வேறு யாரோ நடித்த 1925ஆம் ஆண்டு நோட்டீஸில் ஐந்தை ஏழாக்கி, இருவரும் சேர்ந்து நடித்த காலத்துக்குள் தள்ளியிருக்கிறார்கள். ஆங்கிலத் தேதியைத் திருத்தியவருக்கு அறுபது வருஷப் பெயர்கள் தெரியவில்லை. நமக்கு அது நல்லதாகப் போயிற்று. பழைய நோட்டீஸ் எதை வாங்கினாலும் கிழமையையும் தமிழ் வருஷத்தையும் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதற்கு லென்ஸ்கூட வேண்டாம், வியாபாரி அனுப்பும் படமே போதும்.

அடிவரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று நடைமுறையில் இருந்த 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிடும் எதிலும் அச்சடித்தவர் பெயரும் இடமும் இருக்க வேண்டியிருந்ததால், பழைய நோட்டீஸின் கடைசியில் சிறிய எழுத்தில் அச்சகத்தின் பெயர் வரும். எனக்கு வந்ததில் அந்த இடம் நேர்க்கோட்டில் வெட்டப்பட்டிருந்தது. மற்ற மூன்று ஓரங்களும் கிழிசலாக இருக்க, கீழோரம் மட்டும் பேப்பர் கட்டரில் நறுக்கியதுபோல் இருந்தால் காரணம் கேளுங்கள். அச்சகப் பெயர் தெரிந்தால் அசல் எது என்று யாராவது தேடிப் பிடித்துவிடுவார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு அழைப்பிதழ், துண்டு நோட்டீஸ் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையெல்லாம் சேர்த்து வைத்தவர். அந்தச் சேகரிப்பின் மீது 1994இல் உருவானதுதான் சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பெரிய தொகை கொடுப்பதற்கு முன் அதுபோன்ற இடத்தில் அசல் அச்சைக் கண்ணால் பார்த்துவிடுவது எந்தச் சான்றிதழையும்விட மேல்.

கிரீடத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நெற்றிப்பட்டையைப் பின்னால் இணைத்திருந்த ஸ்க்ரூவின் தலையில் நட்சத்திரக் குழி (பிலிப்ஸ் வகை) இருந்தது. அந்த வகை ஸ்க்ரூ சந்தைக்கு வந்ததே 1930களின் நடுப்பகுதியில், அதுவும் அமெரிக்காவில். அந்தக் காலத்துக் கிரீடத்தில் அது ஏறியிருக்க முடியாது. பழைய பொருளைப் பிற்காலத்தில் பழுதுபார்த்திருக்கலாமே என்று வாதிடலாம் என்பதால் கற்களைப் பார்த்தேன். பிளாஸ்டிக் கற்கள், க்ளூ கன்னில் உருக்கி ஒட்டியவை. பசையின் நூலிழைகள்கூட அப்படியே தொங்கின.

படங்களுடன் எழுதிக் கேட்டபோது வியாபாரியின் பதில் மூன்று விதமாக மாறியது. முதலில், பிரேமைப் பிரித்ததால் உத்தரவாதம் போய்விட்டது என்றார். பிறகு, இது மறுபதிப்பு என்று தொலைபேசியில் சொன்னேனே என்றார். அவருடைய சான்றிதழிலோ 'அசல், 1927' என்று அச்சிட்டிருக்கிறது. கடைசியில், பணத்துக்குப் பதில் நாடக மேடையில் பின்னணியாகத் தொங்கவிடும் ஒரு பழைய சீன் துணி தருகிறேன் என்றார். மறுத்த பிறகு என் எண்ணை முடக்கிவிட்டார்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முதலில் பதிவு செய்தேன், பலன் இல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையவழி மனு போட்டிருக்கிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வியாபாரியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதற்குக் கட்டணமும் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தாக வேண்டும். பணம் அனுப்பிய உடனே ஐயம் வந்தால் 1930 என்ற இணையக் குற்ற எண்ணை அழைப்பதில் தாமதம் கூடாது. கணக்கில் பணம் இருக்கும்போதுதான் அதை முடக்க முடியும். பில் இல்லாவிட்டாலும் உரையாடல், குரல் செய்தி, யுபிஐ ரசீது, பார்சல் உறை ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள். பிரேமைக் கழற்றும்போது தொடக்கம் முதல் வீடியோ எடுங்கள். நான் எடுத்திருந்த வீடியோவைத்தான் மனுவோடு இணைத்திருக்கிறேன்.

வலது மேல்மூலையில் மூன்று ஓட்டைகள், 'குரோதன வருஷம்', 8-8-1927 என்ற தேதி, வெட்டிய கீழோரம் ஆகிய இவை உள்ள நோட்டீஸை வேறு யாராவது வாங்கியிருந்தால் தெரிவியுங்கள். ஒரே ஓட்டைகளோடு இரண்டாவது பிரதி ஒன்று ஆணையத்தின் முன் வந்தால், அசல் என்று வாதாட அவருக்கு இடம் இருக்காது.